கடல் வாசலில் அந்தோனிப்பிள்ளை

முப்பத்தோராம் நாள் நினைவுமலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அந்தோனிப்பிள்ளை அவர்களின் மகள் நிர்மலா கேட்டார். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தே வயது போனவன் நான். படிமுறையை முதலில் எழுதிக்கொள்ளாமல் எதையும் தொடங்க வராது. அவரை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதப்போவது இவை:

1. செய்தி வந்த விதம்.
2. ரொறன்ரோவில் நாங்கள் பழகியதும், எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்ததும்.
3. பொம்பெயி நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்கப் போனதும், அங்கே அவரைக் காணாமல் தேடியதும்.
4. கடைசிவரை அவர் நம்பிக்கையைக் கைவிடாதது.
5. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது.

தொலைபேசி அடித்தபோது நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். வெளியே முதல் நாள் பெய்த பனி வழிக்கப்படாமல் கிடந்தது.

"அங்கிள், அப்பா எழும்பேல்லை" என்றார் நிர்மலா.

"ஏன் பிள்ளை, இரவு நித்திரை கொள்ளேல்லையோ?" என்று கேட்டேன். மறுமுனையில் அவர் அழத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. எனக்கு எதுவும் இரண்டாம் தடவையில்தான் விளங்கும்.

ஸ்காபரோவில் ஒரே கட்டடத்தில்தான் இருந்தோம், அவர் நான்காம் மாடியில், நான் ஒன்பதாம் மாடியில். மின்தூக்கிக்குக் காத்து நிற்க முடியாமல் படியால் இறங்கினேன். பாதி முகத்தில் சவர்க்கார நுரை இருந்ததை அவர் அறையிலிருந்த கண்ணாடியில்தான் கண்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அப்போது எனக்கு வந்தது துக்கம் என்று சொன்னால் பொய். பயம்தான் வந்தது. இனி நவம்பரில் நான் தனியே எழுதவேண்டும் என்ற பயம். அது என்னவென்று சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

ஊரில் அவர் தபாலதிபர். எனக்கு அவரை அங்கே தெரியாது. இங்கே கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற இடத்தில்தான் பழக்கம். கடைசிவரை நான் அவரைப் போஸ்ற்மாஸ்ரர் என்றும் அவர் என்னை மாஸ்ரர் என்றுமே அழைத்தோம். எங்களைச் சேர்த்தது ஒரே விஷயம்தான். இருவருக்கும் வந்து சேரவேண்டிய ஓர் ஆள் வந்து சேரவில்லை.

அவருக்கு மனைவி திரேசம்மா. மகள் பொறுப்பேற்றுக் கனடாவுக்கு எடுப்பித்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போக இரவில் படகேறிக் களப்பைக் கடக்கவேண்டியிருந்தது. திரேசம்மா ஏறிய படகு மறுகரைக்கு வரவில்லை. படகும் கிடைக்கவில்லை, அதில் போன ஒருவருடைய உடலும் கிடைக்கவில்லை. எனக்கு மகன் றெஜி. கொழும்பில் அவன் தங்கியிருந்த லொட்ஜுக்கு வந்தவர்கள், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அவனுடைய தாய் அந்தத் தெரியாமையோடு இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போய்விட்டார்.

நவம்பர் மரித்தவர்களின் மாதம். எங்கள் கோயில் வாசலில் ஒரு மேசை போட்டு இரண்டு தாள் வைப்பார்கள். ஒன்றில் மரித்த ஆத்துமாக்களின் பெயர். மற்றதில், உயிரோடிருந்து செபம் வேண்டியவர்களின் பெயர். பூசைக்கு முன் கோயில் மூப்பர் இரண்டையும் வாசிப்பார். முதல் வருடம் போஸ்ற்மாஸ்ரர் திரேசம்மாவின் பெயரை உயிரோடிருப்பவர்களின் தாளில் எழுதிவிட்டு பேனாவை என்னிடம் தந்தார். அதன் கீழே றெஜியின் பெயரை எழுதினேன். மூப்பர் தாளைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"ஐயா, இந்த ரெண்டு பேரும்... இதிலை வாறதோ?"

"முப்பது வருசம் தபால் கந்தோரிலை இருந்தனான்" என்றார் போஸ்ற்மாஸ்ரர். "போட்ட கடிதம் திரும்பி வரேல்லை எண்டால் ஆள் அங்கை இருக்கு எண்டதுதான் கணக்கு. திரேசம்மாவின்ரை உடம்பு வந்ததோ? பொடியன்ரை வந்ததோ? நீங்கள் வாசியுங்கோ."

மூப்பர் வாசித்தார். அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்தத் துணிவு ஒருநாளும் இருந்ததில்லை. அவர் எழுதுவார், அதன் கீழே நான் எழுதுவேன். அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து றோமாபுரிக்கு யாத்திரை போனார்கள். நாங்களும் போனோம். ஒருநாள் பஸ்ஸில் பொம்பெயிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே செபமாலை மாதா கோயில் இருக்கிறது. காலையில் பூசை முடிந்தது. எரிமலைச் சாம்பல் மூடி, பிறகு தோண்டியெடுத்த பழைய நகரம் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். மத்தியானத்துக்குப் பிறகு அதையும் பார்ப்பதாக ஏற்பாடு.

எங்கள் கூட்டத்தில் பிலோமினாக்கா சேலையின் கீழே வெள்ளைச் சப்பாத்துப் போட்டிருந்தார். "உந்த வெயிலுக்கை இடிஞ்ச வீடு பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? இடிஞ்ச வீடுதான் எண்டால் எங்கடை வளவிலையே பாத்திருக்கலாமே!"

"உங்கடை வளவிலை குடை பிடிச்சு விளக்கம் சொல்ல ஆளில்லையெல்லோ அக்கா" என்றார் போஸ்ற்மாஸ்ரர்.

"ஏனில்லை? நான் சொல்லுவன். இது குசினி, இது ஷெல் விழுந்த கிடங்கு எண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். வழிகாட்டி ஓர் இளம் இத்தாலியப் பெண். மடித்த மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் விளக்கினார். வண்டிச் சில்லுகள் தேய்த்த கல்வீதி. வீதியைக் கடக்க வைத்த உயரக் கற்கள். பாண் சுட்ட போறணை அடுப்பு. இரண்டாயிரம் வருடத்துக்குக் கிட்டப் பழைய சமையல் மேடை. நான் குறிப்பு எழுதிக்கொண்டே போனேன். போஸ்ற்மாஸ்ரர் கண்டது வேறு. தோண்டியவர்கள் நகரத்தைப் பகுதியாகவும் வளவாகவும் பிரித்து, ஒவ்வொரு வாசலுக்கும் இலக்கம் கொடுத்திருந்தார்கள். அவர் வாசல் வாசலாக நின்று அதை வாசித்தார்.

"பாத்தியளே மாஸ்ரர், இவைக்கு விலாசம் இருக்கு, ஆள் இல்லை. எங்களுக்கு ஆள் இருக்கு, விலாசம்தான் இல்லை."

பிறகு சாந்து உருவங்களைக் காட்டினார்கள். சாம்பலுக்குள் புதைந்தவர்களின் உடல் உக்கிப்போக, அந்த இடத்தில் ஆளின் வடிவத்தில் வெற்றிடம் இருந்ததாம். அதற்குள் சாந்து ஊற்றி எடுத்த உருவங்கள் அவை. ஒருவன் முழங்காலை மடித்துக்கொண்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபடி இருந்தான். பிலோமினாக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அப்போதுதான் போஸ்ற்மாஸ்ரர் அந்தப் பெண்ணிடம் கேட்டார்: இந்த நகரத்தில் எவ்வளவு சனம் இருந்தது?

ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், கிடைத்த உடல்கள் அதில் சிறு பங்குதான் என்றார் அந்தப் பெண்.

"அப்படியானால் மற்றவர்கள்?"

பலர் முன்கூட்டியே வெளியேறியிருக்கலாம், சிலர் படகில் போயிருக்கலாம். எங்கே போனார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. இறந்தவர்கள்தான் எங்களுக்கு மிஞ்சியிருக்கிறார்கள், பிழைத்தவர்களைப் பற்றி எங்களிடம் ஒன்றுமே இல்லை என்று அந்தப் பெண் சொன்னார்.

போஸ்ற்மாஸ்ரர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கேட்டியளே மாஸ்ரர்? தப்பினவையின்ரை அடையாளம் ஒண்டும் இல்லையாம். படகாம்." நானும் அதைக் குறிப்பில் எழுதிக் கீழே கோடிட்டேன்.

பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் போத்தல் நிரப்பிக்கொண்டிருந்தபோது, அவர் மறுபடியும் வழிகாட்டியிடம் போய் ஏதோ கேட்டார். அந்தப் பெண் குடையை மலைப்பக்கம் நீட்டி நீண்ட நேரம் பதில் சொன்னதைத் தூரத்தில் இருந்து கண்டேன். என்ன கேட்டீர்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

பஸ்ஸடியில் ஆட்களை எண்ணியபோது ஒருவர் குறைந்தார். தேடப் போக வழிகாட்டி புறப்பட்டார், கூடப் போகும்படி என்னை விட்டார்கள். அந்தப் பெண் வேறெங்கும் தேடவில்லை. நேரே கடல் வாசலுக்கு நடந்தார். போகும்போது "என்னுடைய பிழை" என்று இரண்டு தடவை சொன்னார். ஆட்களைச் சரியாக எண்ணாததைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நகரத்தின் மதிலிலிருந்து சரிவாக வெளியே இறங்கும் வாசல் அது. அந்தக் காலத்தில் கடல் அதற்குக் கிட்ட இருந்ததாம். இப்போது கடல் விலகி எங்கேயோ போய்விட்டது. போஸ்ற்மாஸ்ரர் வாசற்கல்லில் இருந்தார். கையில் செபமாலை, உதடு அசைந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் செபமாலையைச் சட்டைப்பைக்குள் வைத்தார். கண் சிவந்திருந்தது. தூசி என்று நினைத்தேன்.

"இதாலைதான் படகுக்குப் போயிருப்பினம், மாஸ்ரர்."

"போய்ச் சேந்திருப்பினமோ?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேந்திருப்பினம்" என்றார். "வாங்கோ, பிலோமினாக்கா பஸ்ஸுக்கை நிண்டு கத்தப்போறா."

நான்காவதாக, அந்த யாத்திரைக்குப் பிறகு அவருடைய நம்பிக்கை உறுதிப்பட்டது என்று எழுதியிருந்தேன். சான்றாகக் கடந்த நவம்பரில் நடந்ததை எடுத்துக்கொண்டேன். கோயில் மேசைக்கு முன் நின்றபோது எனக்கு மனம் விட்டுப்போயிற்று. "போஸ்ற்மாஸ்ரர், இந்த முறை மற்றத் தாளிலை எழுதுவமோ?" என்று மெல்லக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. "செத்தவைதான் மாஸ்ரர் ஆதாரம் விட்டிட்டுப் போறவை. பொம்பெயியிலை அந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டனீங்கள்தானே? பிடியுங்கோ பேனையை. இண்டைக்கு முதல் நீங்கள் எழுதுங்கோ." றெஜியின் பெயரை எழுதினேன். அதன் கீழே அவர் திரேசம்மா என்று எழுதினார்.

கட்டுரை இந்த இடத்துக்கு வந்திருந்தபோது, அதை அச்சகத்துக்குக் கொண்டுபோக நிர்மலாவின் கணவர் ஜூட் வந்தார். அவருக்கு மிசிசாகாவில் விமான நிலையத்தில் வேலை. வேலை உடுப்போடேயே வந்து, கதிரை நுனியில் இருந்தார்.

"அங்கிள், ஒரு விஷயம் சொல்லவேணும். முப்பத்தோராம் நாள் பூசையை மாமாவுக்கும் மாமிக்கும் சேத்துத்தான் ஒப்புக்குடுக்கிறம். ஃபாதர் ரெண்டு பேரையும் வாசிப்பார். நீங்கள் கோயிலிலை இருந்து திடீரெண்டு கேக்கக்கூடாது எண்டு நிர்மலா சொன்னவ."

"திரேசம்மாவுக்கோ? ஆத்துமத்துக்கோ?"

"ஓம் அங்கிள்."

"போஸ்ற்மாஸ்ரர் விடமாட்டாரே" என்றேன், அவர் அடுத்த அறையில் இருப்பதுபோல.

"மாமாதான் அப்பிடிச் செய்யச் சொல்லி வைச்சவர்."

ஜூட் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். யாத்திரை முடிந்து வந்த வருடத்திலிருந்து, திரேசம்மா படகேறிய மாதம் வரும்போதெல்லாம் அவர் மருமகனின் காரில் ஏறி மிசிசாகாவுக்குப் போயிருக்கிறார். அங்கே ஓர் ஆங்கிலக் கோயிலில் திரேசம்மாவின் ஆத்தும இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறார். எங்கள் ஆட்கள் ஒருவரும் வராத கோயிலாக இருக்கவேண்டும் என்று கேட்டாராம்.

"அந்தக் குடை பிடிச்ச பிள்ளை மாமாவுக்கு இன்னொரு கதையும் சொன்னதாம்" என்றார் ஜூட். "பக்கத்திலை வேறையொரு ஊரும் அப்பிடி மூடுப்பட்டதாம். ஊருக்குள்ளை உடம்புகள் பெரிசாக் கிடைக்காதபடியால், எல்லாரும் கடலாலை தப்பிட்டினம் எண்டு கனகாலம் நினைச்சவையாம். பேந்து முப்பது நாப்பது வருசத்துக்கு முன்னம் கடற்கரைப் பக்கத்தைக் கிண்டினால், படகு விடுற மண்டபங்களுக்கை எல்லாரும் கிடந்தவையாம். தாய், பிள்ளையள் எல்லாம். படகுக்குக் காத்துக்கொண்டு நிண்டபடி."

கட்டுரைத் தாள்களை ஒழுங்காக அடுக்கினேன்.

"அதைக் கேட்டிட்டுத்தான் மாமா அந்த வாசலடிக்குப் போனவர். அங்கை இருந்துதான் மாமிக்கு முதல் முதல் ஆத்தும செபம் சொன்னவராம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

ஜூட் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் கேட்டனான். 'அந்த மனுசன் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டுதான் நடக்குது. இதைச் சொன்னால் விழுந்துபோகும்' எண்டவர்."

இன்மையிலிருந்து எதையும் நிறுவ முடியாது என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு தபாலதிபரின் கணக்கையும் ஒரு வழிகாட்டியின் பாதிக் கதையையும் சேர்த்து நிறுவல் என்று இத்தனை வருடம் வைத்திருந்தேன். அதில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? அதைச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவர் இருந்தவரை நான் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"அங்கிள்" என்றார் ஜூட், எழும்பி நின்றுகொண்டு. "றெஜி அண்ணையின்ரை பேரையும் சேத்து வாசிக்கச் சொல்லட்டோ?"

அவர் தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கட்டுரைக்கு நாளைக்கு வருகிறேன் என்று போனார்.

ஐந்தாவதாக, அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது. கடல் வாசலில் என் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அதை மட்டும்தான். மனைவியை அந்தக் கல்லில் இருந்தபடியே அடக்கம் செய்துவிட்டு எழும்பிய கையோடு, என் மகனை உயிரோடு என்னிடம் தந்தார். அவரில்லாமல் அவனை அப்படி வைத்திருக்க எனக்குப் பலம் இல்லை. நவம்பரில் எந்தத் தாளை எடுப்பேன் என்று தெரியவில்லை. மேசைவரை போவேனோ தெரியாது.

தொடக்கத்தில் நான்காவதாக எழுதியதை, கடைசிவரை அவர் நம்பிக்கையைக் கைவிடாததை, நான் வெட்டவில்லை. அச்சிடுகிறவர்களும் வெட்டவேண்டாம். நான் அதை நம்பவேண்டும் என்றுதான் அவர் விரும்பினார். ஆனாலும் அது பிழை.