அவுரி மேல் போட்ட பழி

அக்காவின் தலையில் சாயப்பட்டறைக் கருப்பைப் பூசியவன் நான். பழியை அவுரி இலைமேல் போட்டவனும் நான்தான்.

அறுபதுகளில் வேதியியல் படித்து முடித்து, மண்ணரையில் ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்திருந்தேன். அக்காவுக்கு இருபத்தைந்து வயதிலேயே முன்தலை நரைத்துவிட்டது. சேவூரிலிருந்து ஓர் அம்மாள் மருதாணியும் அவுரி இலையும் கொண்டுவந்து தருவார். முதல் நாள் மருதாணி பூசி அலசி, மறுநாள் அவுரியை அரைத்துப் பூசவேண்டும். நரை தெரியாது. இரண்டு நாள் தலையில் சேற்றோடு உட்கார்ந்திருக்கிறாளே என்று நான் சிரிப்பேன்.

ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டார், மறுநாள் காலையே அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். இலைக்கு நேரமில்லை. நூலுக்குப் போடும் கருப்புச் சாயத்தையும், வெளுக்க வைத்திருந்த பெராக்சைடையும் பட்டறையிலிருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்தேன். சாயங்காலம் நானே குழைத்துப் பூசினேன்.

“கண்ணு, தலையெல்லாம் எரியுது” என்றாள்.

“எத்தனை துவைச்சாலும் போகாத கருப்புக்கா. கண்ணாலம் வேணுமா, வேண்டாமா?”

பொறுத்துக்கொண்டாள். விடிந்தபோது முகம் வீங்கி, இமைகள் ஒட்டிப்போய், காதோரமெல்லாம் கொப்புளம். வந்தவர்கள் காபிகூடக் குடிக்கவில்லை.

என்ன பூசினீர்கள் என்று டாக்டர் கேட்டார். அக்கா வாய் திறக்குமுன், “அவுரி இலைங்க” என்றேன். சாயம் எடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும். படித்தவன் செய்த காரியம் என்று ஊர் சிரிக்கும். அக்கா பாதி திறந்த கண்ணால் என்னைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் இலையோடு வந்த சேவூர் அம்மாளை எங்கள் அம்மா வாசலிலேயே ஏசி அனுப்பினாள். எங்கள் தெருவில் அவரிடம் இலை வாங்க ஆளில்லாமல் போயிற்று. அக்காவுக்கு முடி திட்டுத் திட்டாகத்தான் முளைத்தது. வேறு மாப்பிள்ளை யாரும் வரவில்லை.

ஏழு வருடம் கழித்து வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் உண்மையைச் சொன்னேன். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். பிறகு சேவூர் போய் அந்த அம்மாளிடமும் சொன்னேன்.

“அப்பவே உங்கக்கா வந்து சொல்லிட்டுப் போச்சுங்க. வெளிய தெரிஞ்சா தம்பி வேலை போயிருமுன்னு அழுதுச்சு. அதனால நானும் வாயத் தொறக்கலீங்க.”

மறுபடி எங்கள் வீட்டுக்கு இலை கொண்டுவரச் சொல்லிக் கெஞ்சினேன். வரமாட்டேன் என்றார். ஆனால் மருதாணியும் அவுரியுமாக ஒரு கட்டு இலை கொடுத்தனுப்பினார். அக்காவிடம் நீட்டினேன். வாங்கி, முதலில் மருதாணியை அம்மியில் வழுவழுப்பாக அரைத்து, கிண்ணத்தில் வழித்து என் முன்னால் வைத்தாள்.

“உனக்கும் நரை கண்டிருச்சு. நீ பூசிக்க கண்ணு. இப்ப உனக்குத்தான பொண்ணு பாக்கறாங்க.”

அன்று மருதாணியும் மறுநாள் அவுரியும் பூசிக்கொண்டேன். அந்தத் தை மாதமே எனக்குக் கல்யாணம் நடந்தது.