திரையின் மேல்பாதி

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்ட் எந்த மாடியில் மக்கர் செய்தாலும் சரிசெய்துவிடுவார். மன்னிப்புக் கேட்பது மட்டும் அவருக்கு வராத வேலை. தம்பியும் லேசுப்பட்டவன் இல்லை. நடுவில் பிறந்து மாட்டிக்கொண்டவள் நான்.

சின்ன வயதில் இருவரும் ஒரே கார் ரேஸ் கேமே கதி என்று கிடந்தார்கள். டிவித் திரை இரண்டாகப் பிரியும். மேல்பாதியில் அண்ணன் கார், கீழ்பாதியில் தம்பி கார். ஒருவர் பாதியை மற்றவர் பார்த்துவிடக் கூடாதென்று நடுவில் ஓர் அட்டையை அலமாரித் தட்டுபோல நீட்டி ஒட்டுவார்கள். மேல்பாதிக்காரர் நாற்காலியில், கீழ்பாதிக்காரர் தரையில். நாற்காலி எப்போதும் அண்ணனுக்குத்தான்.

தம்பி கல்யாணத்தன்று ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே மாட்டியவர்களை மீட்டுவிட்டு அண்ணன் வந்தபோது போட்டோக்காரரே கிளம்பிவிட்டார். தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை. தப்பு தன்மேல் இல்லை என்பது அண்ணன் கட்சி. கேம் பெட்டியைத் தம்பி எடுத்துப்போனான். கன்ட்ரோலர் இரண்டையும் அண்ணன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அதோடு நான்கு வருடம் பேச்சில்லை.

போன மாதம் அந்தக் கேம் புதுசாக வந்ததும் அண்ணன் புதுப் பெட்டியோடு சேர்த்து வாங்கிவிட்டார். டிவியை டேப் வைத்து அளந்து, புது அட்டையும் வெட்டிவிட்டு, தம்பியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். தானே கூப்பிட்டால் வாய் சுளுக்கிக்கொள்ளும் போல. இதுவும் சொதப்பினால் இவர்களை இனி ஒரே அறையில் பார்க்க முடியாது.

தம்பி வந்தான். கேம் பளபளவென்று இருந்தது. ஆனால் திரை பிரியவே இல்லை. அண்ணன் எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்தார். இரண்டு பேர் ஆட வேண்டுமென்றால் ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து இன்டர்நெட்டில்தான் ஆட வேண்டுமாம். அட்டையும் கையுமாக அவர் நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தம்பி அட்டையை வாங்கிப் புரட்டினான்.

"ஆளுக்கொரு வீட்டுல உக்கார்றதுக்கு கேம் எதுக்கு? அதைத்தான் நாலு வருஷமா பண்ணிட்டிருக்கோமே."

அண்ணன் சிரித்துவிட்டார். பிறகு இருவரும் சேர்ந்து அந்தப் புதுக் கேமைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்குக் காது குளிர்ந்தது. திட்டி முடித்ததும் தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய பெட்டியோடு திரும்பினான். அண்ணன் பீரோவைத் திறந்தார். அட்டையை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒட்டினார்கள்.

தம்பி வழக்கம்போலத் தரையில் உட்காரப் போனான்.

"நீ நாற்காலியில உக்காரு," என்றார் அண்ணன். "நான் கீழ உக்காந்துக்கறேன்."

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தான். அண்ணன் வலிக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.