பாண் வாங்கப் போன நேரம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த டூங்கபியில், எங்கள் தெருவில்தான் அந்த அண்ணை இருந்தார். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சேர்ட். சனிக்கிழமைகளில் துவக்குச் சுடும் கிளப்புக்குப் போவார். போகும் வழியில் என்னையும் என் சின்ன மகளையும் தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிடுவார். காரை எங்கே நிறுத்தினாலும் ஸ்டியரிங்குக்கு இரும்புப் பூட்டுப் போடுவது அவர் வழக்கம்.

ஒருநாள் அப்படிப் போகையில், பரமட்டாவில் ஒரு பேக்கரியில் பாண் வாங்க இறங்கினார். அப்போதும் ஸ்டியரிங்கைப் பூட்டிவிட்டுத்தான் போனார். முன்சீட்டில் இருந்த மகள், மூக்குத் துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று எதிரே டாஷ்போர்டில் இருந்த சிறு அறையைத் திறந்தாள். உள்ளே ஒரு கைத்துப்பாக்கி, துணியில்கூடச் சுற்றாமல் கிடந்தது. அவள் கை நீளுமுன் நான் பின்சீட்டிலிருந்து பாய்ந்து மூடினேன்.

அவர் திரும்பி வந்து, நான் நடந்ததைச் சொன்னதும், "பயப்பிடாதேங்கோ தங்கச்சி, உள்ளுக்குக் குண்டு இல்லை" என்று சிரித்தார்.

"அது பிள்ளைக்குத் தெரியுமோ அண்ணை? ஸ்டியரிங்கைப் பூட்டுறீங்கள், இதை ஒரு பெட்டியில வைச்சுப் பூட்டேலாதோ?"

"அஞ்சு நிமிசத்துக்கு என்னத்துக்கு?"

மகளை இழுத்துக்கொண்டு இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். போருக்குள் இருந்து வந்தவள், பாவம், துவக்கைக் கண்டதும் பயந்துவிட்டாள் என்று அவர் என்னைப் பற்றித் தெருவெல்லாம் சொன்னாராம். அந்தப் 'பாவம்' என்ற சொல் சுட்ட புண் எனக்கு இன்னும் ஆறவில்லை.