புஷ்பவல்லியின் சோளக் காடு

மலேசியாவின் ஜெஞ்சாரோமில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய இரண்டு ஏக்கர் குத்தகை நிலம் புஷ்பவல்லியுடையது. அங்கே மிளகாய்ச் செடிகள் இலை பச்சையாக இருக்கும்போதே துவண்டன. தண்டை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டாள். நோய்க் கிருமி பால் போல வெள்ளை இழையாக இறங்கியது. போன வருடம் கத்தரியிலும் இதே வாடல் நோய்தான்.

"அதான் பயிர மாத்திட்டேனே," என்றாள் பார்க்க வந்த விவசாய அதிகாரியிடம்.

"மிளகாயும் கத்தரி குடும்பம்தான்க்கா. கிருமி மண்ணுலயே இருக்கு. அந்தக் குடும்பமே இல்லாம சோளம் போடுங்க."

கிள்ளான் நகரத்துக்கு லோரியில் காய் ஏற்றிப்போகும் ஜெயராஜ் சிரித்தான். "சோளம் போட்டு என்னக்கா, கோழி வளக்கப் போறீங்களா? மிளகா இல்லன்னா லோரி இந்தப் பக்கம் திரும்பாது லா."

"திருப்பாத. ஒனக்கு டீசல் மிச்சம்."

சோளம் போட்டாள். லோரி வருவது நின்றது. அந்த லோரி இல்லாமல் நிலத்தைக் காப்பாற்ற முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை. சோளத்தை மோட்டார் சைக்கிளில் கட்டி பாசார் சந்தைக்குத் தானே கொண்டுபோனாள். ஒரு வருடம் கழித்து, சோதனைக்குப் பத்துக் கத்தரி நட்டாள். ஐந்தாம் வாரம் ஏழு வாடின.

"சோளம் போட்டு என்னன்னு நான் அப்பவே சொன்னேன்ல?" அந்த வழியாகப் போன லோரியை நிறுத்திவிட்டு ஜெயராஜ் கேட்டான்.

அவள் சோள வரிசைகளுக்குள் நடந்தாள். இடையில் மணத்தக்காளி செழித்திருந்தது. மற்ற களையையெல்லாம் பிடுங்கியவள் அதை மட்டும் விட்டிருந்தாள். வாய்ப்புண்ணுக்கு நல்லதென்று பாசாரில் பெண்கள் கேட்பார்கள். சோளத்தோடு ஒரு கட்டு சும்மா கொடுப்பாள். அதுவும் கத்தரி குடும்பம் என்று அவளுக்கு அன்றுவரை தோன்றவேயில்லை; அதன் பூவைப் பார்த்தபோதுதான் கத்தரிப் பூ நினைவு வந்தது. அதன் தண்டையும் தம்ளரில் விட்டாள். மெல்லிய வெள்ளை இழை இறங்கியது.

அன்றே ஒரு வேர் விடாமல் பிடுங்கினாள். மறுபடியும் சோளம் போட்டாள்.

"இன்னும் ஒரு வருஷமா?" என்றார் கணவர் வாசு.

"ஆமா. கீரை கேட்டா இல்லன்னு சொல்லுங்க."

இரண்டாவது சோதனையில் பத்துச் செடியும் காய்த்தன. நல்ல செடி ஒன்றையே வெட்டிப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது.

செய்தி கேட்டு ஜெயராஜ் வந்தான். "அப்பறம் என்னக்கா, ரெண்டு ஏக்கரும் மிளகா போட்டுருங்க. தெனமும் லோரி வரும்."

"கால் ஏக்கர் கத்தரி. மிச்சம் சோளம், பயத்தங்கா. அடுத்த வருஷம் கத்தரி வேற எடத்துக்கு மாறும்."

"அவ்வளவுக்கு லோரி வராதுக்கா."

"நான் கூப்பிடலயே," என்று சொல்லி, புஷ்பவல்லி சோள மூட்டையை மோட்டாரில் கட்டத் தொடங்கினாள்.