வெறுங்கூடு கேட்ட காலம்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். தேங்காய் வாங்கினால்கூடக் கடைக்காரர் ஆட்டிக் காட்டியதை நம்பாமல், நானே ஒரு தரம் காதில் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்ட என்னைத்தான், தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் ஆஸ்துமாக்காரர்களுக்கு வகுப்பெடுக்கும் நர்ஸாகப் போட்டார்கள். மூச்சு முட்டிய பிறகு ஓடி வராமல், முட்டாமல் இருக்க அவரவரே தினமும் மருந்தெடுக்கப் பழக்க வேண்டும்.

மருந்து என்பது கேப்சூலுக்குள் இருக்கும் பொடி. அதைக் கையடக்கமான பிளாஸ்டிக் குழலில் போட்டுத் திருகினால் கூடு பிரிந்து பொடி உதிரும். குழலை வாயில் வைத்து ஒரே மூச்சில் உள்ளே இழுக்க வேண்டும். முதல் நாள் காலிக் குழலை வைத்து நானே இழுத்துக் காட்டுவேன். அடுத்த தடவை வரும்போது, "ஒழுங்கா எடுக்கீங்களா?" என்று கேட்பேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒருவரையும் நம்ப மாட்டேன். அதனால் ஒரு சட்டம் போட்டேன்: வெறுங்கூடுகளைக் கொண்டுவந்து காட்டினால்தான் அடுத்த மாத மருந்து.

பசுவந்தனைப் பக்கமிருந்து ஒரு அக்கா வருவார். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கும் வேலை, அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்குவது. இளைப்பு வந்து அடிக்கடி லீவு போட்டதில், இன்னொரு தடவை நின்றால் வேலை கிடையாது என்று கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். அந்த அக்கா மட்டும் கூடுகளை ஒன்று குறையாமல் கொண்டுவருவார். ஆனால் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் பழையபடி விசில் சத்தம்தான்.

பொடியைக் கொட்டிவிட்டுக் கூட்டை மட்டும் கொண்டுவருகிறாரா? வேறு யாருக்காவது கொடுக்கிறாரா? அத்தனை சுத்தமாக இருப்பவர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம் கூடும். மூன்று மாதம் அவர் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தேன். நான்காம் மாதம் பொறுமை போய்விட்டது.

"இங்கனயே, என் கண் முன்னால எடுங்க, பாப்போம்" என்றேன்.

அவர் ஒரு கேப்சூலை நகத்தால் பக்குவமாகப் பிரித்து, பொடியை உள்ளங்கையில் தட்டினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தேன் இருக்கா சிஸ்டர்?"

எனக்கு விளங்கவில்லை. "தேன் எதுக்கு?"

"பொடி மருந்தத் தேன்ல கொழச்சுத்தான திங்கணும்? அந்தக் குழல வாயில வச்சு இழுத்தா பீடி குடிக்க மாதிரில்லா இருக்கு. எங்க வீட்டு அவிய பாத்தா என்ன நெனைப்பாவ? மருந்து உள்ள போனாச் சரின்னு இப்பிடி எடுக்கேன். ஒரு நா தவறல."

நாட்டு மருந்துக் கடைப் பொடியைத் தேனில் குழைத்து நக்கி வளர்ந்தவள்தான் நானும். எடுத்தீர்களா என்று கேட்டேனே தவிர, எப்படி எடுக்கிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று சொல்லி, காலிக் குழலில் இழுக்கப் பழக்கினேன். நாலாவது முறை சரியாக வந்தது.

"இனிமே வேலைக்கு லீவு போட வேண்டாம்க்கா" என்றேன்.

"போன சனிக்கிழமையே வர வேண்டாம்னுட்டாவ சிஸ்டர்."

"மருந்தெடுத்தும் முட்டுதுன்னு முன்னாலயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. குழலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தப்பாம மருந்தெடுத்தும் கேக்கலன்னு சொன்னா, நீங்க நம்பியிருப்பீயளா?"