அலமாரிக்கு வரைந்த கால்கள்

விருத்தாசலத்தில் சமையலறை அலமாரி செய்து தரும் கடையொன்றில் ஆறு வருடமாகக் கணினியில் படம் வரைகிறேன். படித்தது செராமிக் டிப்ளமா. பீங்கான் கம்பெனியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, அங்கே ஆளைக் குறைத்தபோது இந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டு இங்கே வந்தேன். வீட்டுக்காரர்கள் அளவு கொண்டுவருவார்கள். நான் பெட்டி பெட்டியாக அடுக்கி, நிறம் கொடுத்துத் திரையில் காட்டுவேன். பெட்டிகளுக்கு அடியில், தரையை ஒட்டி, நான்கு அங்குல உயரத்துக்கு ஒரு வெறும் பலகை ஓடும். அதை மென்பொருளே போட்டுவிடும். கதவின் நிறத்துக்கு மூன்று நாள் சண்டை போடுகிறவர்கள்கூட அந்தப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கேட்டவர் ஒரே ஒருவர்தான். மங்கலம்பேட்டைக்காரர். வளைகுடாவில் ஒரு பணக்கார வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அளவுச் சீட்டோடு கடைக்கு வந்தது அவர் மனைவி. என் எதிரே உட்கார்ந்ததும் போனில் அவரைப் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"எங்க மொதலாளி வூட்டு அடுப்படில அலமாரிக்குக் காலு இருக்குதும்மா" என்றார் அவர். "வெறும் பலகை கெடையாது. மேல குண்டா இருந்து, நடுவுல ஒடுங்கி, கீழ திரும்பக் கொஞ்சம் விரியும். ரெண்டு காலுக்கு நடுவுல ஒரு பலகை அலை அலையா வளைஞ்சு போவும். அதே மாதிரி எங்க வூட்டுக்கும் வேணும்."

"ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணே."

"அந்த வூட்டுக்குள்ள போனக் கையில எடுத்தா வேல போயிடும்மா. வாயால சொல்றேன், நீ போடு."

"சரிங்கண்ணே. மேல எப்படி இருக்குது? கதவு, கைப்பிடியெல்லாம்?"



"மேல நான் பாத்ததில்லம்மா. சாமான் மூட்டையத் தூக்கிட்டுப் போயி, குனிஞ்சு கீழ வப்பேன். வச்ச கையோட வெளிய வந்துடணும். அங்க நின்னு எதையும் பாக்க முடியாது."

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், கார் நிறுத்துமிடத்தில் முதலாளிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அவர் கூப்பிடுவார். மென்பொருள் போட்ட பலகையை நீக்கிவிட்டு நான் காலை வரைந்துகொண்டிருந்தேன். காலின் ஒரு பக்க ஓரத்தை மட்டும் கோடாக வரைந்து, அதை ஒரு சுற்றுச் சுற்றினால் முழுக்கால் வந்துவிடும். டிப்ளமா படிக்கையில் சக்கரத்தில் களிமண்ணை வைத்து நாங்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அந்தக் கோடு ஒரு நூல் தள்ளினாலும் கால் தடித்துவிடும். படத்தை அனுப்புவேன். "கழுத்து இன்னும் சன்னமா இருக்கும்மா" என்பார். மாற்றுவேன். "அலை அவ்ளோ ஆழமா எறங்காது" என்பார். பாதி அலையை வரைந்து மறுபாதிக்குத் திருப்பிப் போட்டேன். சுவர் திரும்பும் மூலையில் இரண்டு பலகையும் சேருமிடத்தில் ஒரு பிளவு விழுந்தது. அதைச் சரிசெய்யவே இரண்டு நாள் ஆயிற்று. இதற்கெல்லாம் கூலி கிடையாது என்று கடை முதலாளி சொன்னார். எனக்கு அது உறைக்கவில்லை. இந்த ஆறு வருடத்தில் என் கைக்கு வேலை என்று ஒன்று வந்தது அப்போதுதான்.

இடையில் ஒருநாள் அவர் மனைவி, அந்த அக்கா, கடைக்கு வந்தார். திரையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு அடில எலி போவாதா?" என்று கேட்டார்.

"அழகா இருக்கும்க்கா" என்றேன்.

"அவருக்குப் புடிச்சா சரிதான்" என்று எழுந்து போய்விட்டார். அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை.

ஏழோ எட்டோ வெள்ளிக்கிழமை கழித்து அவர் போனில், "இதாம்மா, இதேதான்" என்றார். குரல் இளகியிருந்தது. மேல்பகுதிக்கு என்ன போடட்டும் என்றேன். "உனக்குத் தோணுறதப் போடும்மா" என்றார்.

பிறகு அழைப்பில்லை. இரண்டு மாதம் கழித்து அவரே கடைக்குள் வந்தார்; மனைவி பின்னால் வந்துகொண்டிருந்தார். அதுவரை நேரில் பார்த்ததில்லை என்பதால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் உப்பியிருந்தது. சட்டைக் கைக்குக் கீழே பிளாஸ்திரி. குரலைக் கேட்டுத்தான் எழுந்து நின்றேன். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய்விட்டது, முதலாளி டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார் என்றார். வாரத்துக்கு இரண்டு நாள் பாண்டிச்சேரி போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும்.

"போன்லதான் பாத்தேன். பெருசா ஒரு தடவ காட்டுறியா?" என்றார்.

காட்டினேன். படம் தெரியும் கோணத்தைத் தரை மட்டத்துக்கு இறக்கச் சொன்னார். இறக்கினேன். திரை முழுக்கக் கால்களும், அவற்றின் பின்னால் நிழலும். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "வேல சுத்தமாச் செஞ்சிருக்கம்மா" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர் போனதும் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் இனிமே ஆவாதும்மா. கல்லு மேடை ஒண்ணு கட்டிக்குறோம், அதுக்கு மட்டும் அளவு போட்டுக் குடு. கீழ தரையோட அடச்சிடணும். சந்து இருக்கக் கூடாது." பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மொதல்லயே எனக்கு அந்தக் காலு வேணாம்மா. அதுக்கடில குனிஞ்சு கூட்டப்போறது நானு. வருசத்துல ஒரு மாசம் வர்றவரு ஆசப்படுறாரேன்னு வாயத் தொறக்கல."

கல் மேடைக்கு மென்பொருள் தேவைப்படவில்லை. ஒரு தாளில் ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தேன்.

மேடையைக் கட்டிய பிறகு அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போனேன். பூச்சு வேலை பாதியில் நின்றிருந்தது. சமையலறையில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் குடிக்கும் தண்ணீருக்கு டாக்டர் அளவு சொல்லியிருந்தார். அக்கா எனக்கு டீ கொடுத்தபோது அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.  டீயை வைத்துவிட்டு எழுந்தால் அக்கா மனம் நோகும். குடித்தேன். 

போன வருடம் கடை முதலாளி விலை குறைந்த வேறு மென்பொருளுக்கு மாறினார். பழைய கோப்புகள் பெரும்பாலும் இதில் திறக்கவில்லை. திறந்த ஒன்றிரண்டிலும் பெட்டிகள்தான் வந்தன. நான் கையால் வரைந்தது எதுவும் வரவில்லை. மங்கலம்பேட்டை வீட்டுச் சமையலறை சாம்பல் நிறப் பெட்டிகளாக, அடியில் ஒன்றுமில்லாமல், அந்தரத்தில் நின்றது.

அதற்குச் சில நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, மங்கலம்பேட்டைக்காரர் கூப்பிட்டார்.

"அந்தப் படம் இருக்குதாம்மா?"

"இருக்குதுங்கண்ணே."

"அழிச்சிடாத. எங்க பையன் தலயெடுத்தா ஒரு நாளு செஞ்சிக்கலாம்."

"அழிக்க மாட்டேங்கண்ணே."

அதன்பிறகும் இரண்டு தடவை இதையே கேட்டார். இரண்டு தடவையும் இதையே சொன்னேன். இப்போது அழைப்பு வருவதில்லை. நானாகக் கூப்பிட்டு விசாரிக்கலாம். போனை எடுப்பேன். எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டு என்ன செய்யப் போகிறோம் என்று வைத்துவிடுவேன். கடையில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.