புறத்தேர்வாளருக்குச் சூரிய உதயம் காட்டப் போன நாள்

காலை நாலு மணிக்கு எழுந்ததும், பல் துலக்குவதற்கும் முன்னால், கைப்பேசியைத் திறந்து ஒரு கோப்பை அழித்தேன். எட்டுப் பேராசிரியர்களின் பெயரும் முகவரியும் அதில் இருந்தன. ஒன்பதாவது பெயரின்மேல் மட்டும் ஒரு கோடு.

போன வெள்ளிக்கிழமை அது. எனக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. வயது நாற்பத்து நான்கு, பகுதிநேர ஆய்வு, ஏழு வருட உழைப்பு. கோயம்புத்தூரிலிருந்து புறத்தேர்வாளர் வருகிறார். எங்கள் மாவட்டத்துக்கு வரும் தேர்வாளரைக் கன்னியாகுமரிக்கு அழைத்துப்போய்ச் சூரிய உதயம் காட்டாமல் தேர்வு நடக்காது. விதிப்புத்தகத்தில் இல்லை, ஆனால் எல்லோரும் செய்கிறார்கள். இப்படி ஒருவரை அழைத்துப்போகும் பொறுப்பு உள்ளவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கோப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேர்வாளர் பட்டியலை நெறியாளர் தயாரித்துப் பல்கலைக்கழகத்துக்கு ரகசியமாக அனுப்ப வேண்டும். அதிலிருந்து தேர்வாணையர் நியமிப்பார். யார் பெயர் போயிற்று என்று மாணவருக்குத் தெரியவே கூடாது. ஆனால் என் நெறியாளர், "நீயே டைப் அடிச்சிட்டு வா மக்கா, நான் ஒப்பு போட்டுத் தாறேன்" என்றார். ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கும் மனிதர். எனக்கு முந்தியவர்களும் அவரிடம் அப்படித்தான் கொடுத்தார்களாம். நானும் அடித்துக் கொடுத்தேன், அவர் கையெழுத்துப் போட்டார்.

மணவாளக்குறிச்சியில் எங்கள் தெருமுனையில் கார் வைத்திருக்கும் ராஜன் நாலரைக்கே வந்துவிட்டான். நாள் முழுக்க வாடகை 2,800 ரூபாய், டீசல் சேர்த்து. நாகர்கோவில் ரயில் நிலையம் பதினேழு கிலோமீட்டர்.

"முகம் என்னக்கா இப்பிடி இருக்கு? ஒண்ணும் பேடிக்காண்டாம். நான் இருக்கேம்லா," என்றான்.

"நீயா வந்து பதில் சொல்லப்போற?"

"கேட்டா சொல்லிட்டுப் போறேன்!"

ரயில் 5.10க்கு வந்தது. தேர்வாளராக வந்த பேராசிரியைக்கு அறுபது வயது இருக்கும், சிறிய பெட்டி, என் ஆய்வேட்டைக் கையிலேயே வைத்திருந்தார். பக்கங்களுக்கு நடுவே நிறைய மஞ்சள் சீட்டுகள். அவற்றை எண்ணாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. இருபது கிலோமீட்டர் ஓடி 5.55க்குக் கடற்கரை சேர்ந்தோம். அன்று மேகம். வெளிச்சம் வந்தது, சூரியன் வரவில்லை. "பரவால்லைங்க, விடிஞ்சா சரி," என்றார் அவர். விடுதி அறை 1,800 ரூபாய். குளித்துச் சாப்பிட்டு ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம்.

வழியில் கொட்டாரம் என்ற ஊரில் டீ குடிக்க நிறுத்தினோம். பழம்பொரியைப் பிட்டபடி அவர் கேட்டார்: "உங்க கைடை நான் பார்த்ததே இல்லீங்களே. எம்பேர எப்படிங்க கண்டுபுடிச்சார்?"

"உங்க கட்டுரை ஏதாவது வாசிச்சிருப்பாரு மேடம்," என்றேன்.

ராஜன் கண்ணாடி டம்ளரோடு சிரித்தான். "அவரு எங்க வாசிச்சாரு! அக்காதான் மேடம் மூணு நாளா இருந்து தேடினது. உங்ககிட்ட படிச்ச பிள்ளையளுக்கு போன் போட்டு, மேடம் ஏசுவாவளான்னுகூட கேட்டாவ. பிரிண்ட் எடுக்க நான்தானே கூட்டிட்டுப் போனேன்!"

என்னைப் புகழ்வதாகத்தான் அவன் நினைத்தான். பேராசிரியை டம்ளரைக் கீழே வைத்தார். அங்கிருந்து நாகர்கோவிலில் எங்கள் கல்லூரிக்குப் பதினான்கு கிலோமீட்டர். ஜன்னலுக்கு வெளியே வயல் போயிற்று, கடைகள் போயின. அவர் இறங்கியதும் தேர்வாணையரை அழைக்கலாம். தேர்வு நிற்கலாம். ஏழு வருடமும் போகலாம். கைப்பையைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அவர் யாரையும் அழைக்கவில்லை. பதினொரு மணிக்குத் தேர்வு தொடங்கியது. கடலோரத்தில் மீன் விற்கும் பெண்களின் பயணச் செலவுதான் என் ஆய்வு. கேள்விகள் மென்மையாகவே வந்தன. கடைசியில் ஆய்வேட்டை மூடிவிட்டு, "உங்க முடிவு தப்புன்னு யாராவது சொல்ல முடியும்னா, அது யாருங்க?" என்றார்.

நெறியாளர் என்னைப் பார்த்தார். என் வாய் தானாகக் கொச்சிப் பேராசிரியர் ஒருவரின் பெயரைச் சொன்னது. பஸ்ஸில் போகிற பெண்களை மட்டுமே நான் கணக்கெடுத்தேன். பஸ் போகாத கரைகளில் சுமந்து நடப்பவர்களை விட்டுவிட்டேன். அதை முதல் பக்கத்திலேயே பிடித்துவிடக்கூடியவர் அவர் ஒருவர்தான். கோடு போட்ட ஒன்பதாவது பெயரும் அவருடையதுதான்.

12.50க்குப் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். கை தட்டினார்கள்.

மூன்று மணிக்கு அவரை விடுதிக்குத் திரும்ப அழைத்துப்போனேன். அதே கொட்டாரம் கடை. ராஜனை டீ வாங்க அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொன்ன அந்தப் பேரு, பட்டியல்ல இருந்துச்சுங்களா?"

"இருந்தது மேடம். நான் எடுத்துட்டேன்."

அவர் சாலையின் பக்கம் திரும்பிக்கொண்டார். "நானும் கைடுதானுங்க. எம் பிள்ளைங்களும் அடிச்சுத்தான் கொண்டாந்து தர்றாங்க. நான் படிச்சுக்கூடப் பாக்கறதில்லைங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவேன்."

அதற்குள் ராஜன் டீயோடு வந்துவிட்டான். "என்ன மேடம், அக்கா பாஸா?" என்றான். "பாஸ்தானுங்க," என்றார் அவர். என்னைப் பார்க்கவில்லை.

தேர்வாளரை அழைத்துப்போகிறவர்களுக்கு: அறையை முதல் நாளே சொல்லி வையுங்கள். உதயத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள், மேகம் யார் பேச்சையும் கேட்காது. கன்னியாகுமரியிலிருந்து கல்லூரிக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலை உங்களிடம் நீட்டினால் வாங்காதீர்கள். இதை எழுதும் தகுதி எனக்கு இல்லைதான்.

அழித்த கோப்பு கைப்பேசியின் குப்பைத்தொட்டியில் முப்பது நாள் கிடக்குமாம். இன்று மீட்டெடுத்தேன், கோடு போட்ட பெயரோடு. நடந்ததை எழுதி, அதையும் இணைத்து, திங்கள்கிழமை தேர்வாணையருக்கு அனுப்பப் போகிறேன். ஆய்வேட்டைக் கொச்சிக்கும் அனுப்பச் சொல்லிக் கேட்பேன். பட்டம் போகலாம். நெறியாளரின் கடைசி எட்டு மாதம் என்ன ஆகுமென்று தெரியவில்லை. அவரிடம் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. கடிதம் போன பிறகுதான் இந்தப் பதிவை ஏற்றுவேன்.